ரெகேவைக் கேட்காமலே ரெகேயின் நாயகனானவர்: யார் இந்த இவான்ஹோ மார்ட்டின்?

போனி எம் பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்க கேட்கலைன்னாலும் உங்க அப்பாவோ சித்தப்பாவோ அந்த கேசட்டைத் தேயத் தேயக் கேட்டிருப்பார். 1978-ல் உலகம் முழுக்க ஓடிய அந்தப் பாட்டு, முதலில் போனி எம்முடையது கிடையாது. ஜமைக்காவைச் சேர்ந்த 'தி மெலோடியன்ஸ்' குழு 1970-லேயே அதைப் பதிவு செய்துவிட்டது. ஜமைக்காவுக்கு வெளியே பலர் அதை முதலில் கேட்டது, 1972-ல் வந்த ஒரு படத்தின் இசைத்தட்டில்.

படத்தின் பெயர் 'தி ஹார்டர் தே கம்'. ரெகே என்றதும் நமக்கு பாப் மார்லி முகம் போட்ட டி-ஷர்ட்தான் ஞாபகம் வரும். ஆனால் மார்லியை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பம் வந்தது 1973-ல். அதற்கு முன்பே ரெகே என்ற இசையையும், அது பிறந்த தெருக்களையும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டியது இந்தப் படம்தான்.

அந்தப் படத்தின் நாயகன் பெயர் இவான்ஹோ மார்ட்டின். கிராமத்திலிருந்து கிங்ஸ்டன் நகரத்துக்கு வந்து, பாடகனாக ஆசைப்பட்டு, ஏமாற்றப்பட்டு, கடைசியில் துப்பாக்கியோடு ஓடுகிறவன். இந்தப் பெயரை யாரும் கற்பனை செய்யவில்லை. இதே பெயரில் ஒரு மனிதர் நிஜமாகவே வாழ்ந்தார். 1948 அக்டோபரில், 24 வயதில், போலீஸ் குண்டுக்கு இறந்தார்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 'ரெகே' என்ற சொல் ஒரு பாட்டின் தலைப்பில் வந்தது 1968-ல். மார்ட்டின் இறந்தது 1948-ல். இடையில் 20 ஆண்டுகள். ரெகேயின் ஒரு வரியைக்கூடக் கேட்காத ஒருவர் எப்படி ரெகே சினிமாவின் முதல் நாயகன் ஆனார்? அதைத் தெரிந்துகொள்ள, படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவருடைய வாழ்க்கைக்குப் போகணும்.

லின்ஸ்டெட்டிலிருந்து கிங்ஸ்டனுக்கு

வின்சென்ட் மார்ட்டின் 1924-ல் ஜமைக்காவின் செயின்ட் கேத்தரின் பகுதியில் உள்ள லின்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். 'இவான்ஹோ' என்பது அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சர் வால்டர் ஸ்காட் எழுதிய ஆங்கில நாவல் ஒன்றின் நாயகனான வீரனின் பெயர் அது. அதே நாவலில் ராபின் ஹூட்டும் ஒரு பாத்திரமாக வருவார் என்பது தற்செயல்தான், ஆனாலும் கவனிக்க வேண்டிய தற்செயல்.

லின்ஸ்டெட் சந்தையைப் பற்றி ஜமைக்காவில் ஒரு நாட்டுப்புறப் பாட்டு உண்டு. ஒரு தாய் கூடை நிறைய ஆக்கி பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். நாள் முழுக்க நின்றும் ஒருவரும் வாங்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். அந்த ஊரை உலகம் அறிந்ததே இந்தப் பாட்டால்தான். மார்ட்டின் எங்கிருந்து வந்தார் என்று புரிய இதுவே போதும்.

இளம் வயதிலேயே அவர் கிங்ஸ்டனுக்கு வந்துவிட்டார். அவருக்கு 14 வயதான 1938-ஆம் ஆண்டு, ஜமைக்கா கொந்தளித்த ஆண்டு. கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது ஜமைக்கா பிரிட்டனின் காலனி. ஏழைகளுக்கு ஓட்டுரிமைகூட கிடையாது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது 1944-ல்தான்.

அதே 1938-ல் கிங்ஸ்டனில் 'கேரிப்' என்ற பெரிய தியேட்டர் திறக்கப்பட்டது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும். நகரத்தில் வேலை இல்லை, வீடு இல்லை. ஆனால் சினிமா இருந்தது. ஹாலிவுட்டின் கௌபாய் படங்களும் கேங்ஸ்டர் படங்களும் கிங்ஸ்டன் இளைஞர்களைக் கட்டிப்போட்டன. தியேட்டரில் அவர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். திரையில் இருக்கிறவனோடு பேசுவார்கள், திட்டுவார்கள், எச்சரிப்பார்கள். முதல் நாள் முதல் காட்சிக்குப் போன நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மார்ட்டினும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உயரம் குறைவான மனிதர், ஆனால் தன்னைப் பற்றிய கற்பனை பெரியது. தனக்குத்தானே பல பெயர்கள் சூட்டிக்கொண்டார். ஒன்று 'ஆலன் லாட்'. 1942-ல் வந்த ஒரு படத்தில் கூலிக்குக் கொலை செய்பவனாக நடித்துப் பெயர்பெற்ற ஹாலிவுட் நடிகர் அவர். இன்னொன்று 'கேப்டன் மிட்நைட்'. அதுவும் வானொலித் தொடர், சினிமா வழியாக வந்த பெயர். ஆனால் நிலைத்தது வேறொன்று: 'ரைஜின்'. ஜமைக்காவின் பாட்வா பேச்சுமொழியில் துடிப்பும் மூர்க்கமும் கலந்த ஆள் என்று அர்த்தம்.

ஆறு வாரத்தில் நடந்தது என்ன?

சினிமா அவருக்கு ஸ்டைல் கொடுத்தது, சோறு போடவில்லை. திருட்டு, அடிதடி என்று வாழ்க்கை போனது. 1946-ல் திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு, கிங்ஸ்டனின் பழைய 'ஜெனரல் பெனிடென்ஷியரி' சிறைக்குப் போனார். 1948-ல் அங்கிருந்து தப்பினார். அதன்பிறகு சில மாதங்கள் அவர் எங்கே இருக்கிறார் என்றே போலீசுக்குத் தெரியவில்லை.

1948 ஆகஸ்ட் 31. ஹன்னா டவுன் பகுதியில் ஒரு விடுதியில் அவர் இருப்பதாகத் துப்பு கிடைத்து போலீஸ் சூழ்ந்தது. மார்ட்டின் சுட்டுக்கொண்டே வெளியேறினார். ஒரு துப்பறியும் அதிகாரி இறந்தார். அரைகுறை ஆடையோடு ஓடியும் அவர் பிடிபடவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அடுத்து நடந்ததுதான் பிற்காலக் கதைகளில் பெரும்பாலும் காணாமல் போனது. தன்னைக் காட்டிக்கொடுத்ததாக அவர் சந்தேகப்பட்ட ஒருவரைத் தேடி, தப்பிய சூட்டோடு சூடாக அவருடைய வீட்டுக்குப் போனார். தேடிய ஆள் அங்கே இல்லை. அந்த ஆளின் காதலி இருந்தார். மார்ட்டின் அவரைச் சுட்டுக்கொன்றார். வேறு பெண்களும் காயமடைந்தார்கள். அவர்களில் யார் கையிலும் ஆயுதம் கிடையாது.

அதன்பிறகு தீவு முழுக்க தேடுதல் வேட்டை. தலைக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. கொள்ளைகளும் துப்பாக்கிச் சூடுகளும் தொடர்ந்தன. நடுவில் ஒரு சினிமாக் காட்சியும் நடந்தது. இரண்டு கைகளிலும் துப்பாக்கியோடு, கௌபாய் பட நாயகனைப் போல மார்ட்டின் போஸ் கொடுத்து எடுத்துக்கொண்ட படம் பத்திரிகையில் வெளியானது. ஒளிந்து திரிய வேண்டியவர் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். செல்ஃபி காலத்தில் இருக்கும் நமக்கு அதில் ஆச்சரியம் இல்லாமல் போகலாம். 1948-ல் அது தீவையே பேச வைத்தது.

அக்டோபர் 9. கிங்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே, போர்ட் ராயலை ஒட்டி இருக்கும் 'லைம் கே' என்ற சின்ன மணல்திட்டில் போலீஸ் அவரைக் கண்டுபிடித்தது. அங்கேயே சுட்டுக்கொன்றது. இன்று அந்த மணல்திட்டு, கிங்ஸ்டன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை படகில் போய் மீன் வறுத்துச் சாப்பிடும் இடம்.

ஆகஸ்ட் 31 முதல் அக்டோபர் 9 வரை மொத்தம் 39 நாள். ஆறு வாரம்கூட முழுசாக இல்லை. 24 வருட வாழ்க்கையில் ஊருக்குத் தெரிந்தது இந்த 39 நாள்தான்.

மக்கள் ஏன் அவர் பக்கம் நின்றார்கள்?

அவருடைய உடலைப் பார்க்க சவக்கிடங்கு முன்பு பெருங்கூட்டம் திரண்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. அழ வந்தவர்களும் இருந்தார்கள். கொலைகாரருக்காக ஏன் அழணும்?

அந்த ஆண்டின் இன்னொரு செய்தியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் லண்டன் அருகே டில்பரி துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான ஜமைக்கா மக்கள் வேலை தேடி இறங்கினார்கள். பிரிட்டனில் கரீபியன் குடியேற்றத்தின் தொடக்கமாக இன்றும் நினைவுகூரப்படும் நாள் அது. ஊரில் வழி இருந்திருந்தால் இவ்வளவு பேர் கடல் தாண்டியிருக்க மாட்டார்கள். கப்பல் டிக்கெட்டுக்குக் காசு இருந்தவர்கள் போனார்கள். இல்லாதவர்கள் மேற்கு கிங்ஸ்டனின் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள்.

அவர்களுக்கு அரசாங்கம் என்றால் போலீஸ். போலீஸ் என்றால் ஆளுநருக்குப் பதில் சொல்கிற, தங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு படை. அந்தப் படையை ஒரு குட்டை மனிதர் ஆறு வாரம் அலையவிட்டார். அவர் யாருக்கும் எதையும் அள்ளிக் கொடுக்கவில்லை. எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை. அவர் ஓடியதையே மக்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கொண்டாடியது ஒரு மனிதரை என்பதைவிட, போலீஸ் திணறிய காட்சியை என்று சொல்லலாம்.

கொள்ளையர் பாடகரானது எப்படி?

மார்ட்டின் இறந்தபோது பெர்ரி ஹென்ஸெல் 12 வயதுச் சிறுவன். கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த வெள்ளை ஜமைக்கர். பிரிட்டனிலும் கனடாவிலும் படித்து, பிபிசி-யில் வேலை பார்த்து, ஊர் திரும்பி விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் நாடக ஆசிரியர் ட்ரெவர் ரோனும் சேர்ந்து ரைஜின் கதையைக் கையில் எடுத்தார்கள். நாயகனாக வந்த பாடகர் ஜிம்மி கிளிஃப், 1948-ல் நான்கு வயதுக் குழந்தை.

மூவருமே ரைஜினை ஊர் பேசிய கதையாக அறிந்த தலைமுறை. அந்தக் கதையை அவர்கள் தங்கள் காலத்துக்கு இழுத்து வந்தார்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று பார்ப்போம்:

- காலம்: நிஜத்தில் 1948, பிரிட்டிஷ் காலனி. படத்தில் 1970-களின் தொடக்கம், 1962-ல் விடுதலை பெற்ற ஜமைக்கா.
- தொழில்: நிஜ மார்ட்டின் பாடகர் கிடையாது. படத்தின் இவான் பாட்டுப் பதிவு செய்து, அதற்கு 20 டாலர் மட்டும் வாங்குகிறான்.
- காரணம்: நிஜத்தில் திருட்டு, சிறை, தப்பியோட்டம். படத்தில் இசைத்தட்டு முதலாளியின் சுரண்டல், பிறகு கஞ்சா வியாபாரம், அதில் போலீசுக்கும் பங்கு.
- புகைப்படம்: இரண்டிலும் உண்டு.
- முடிவு: இரண்டிலும் லைம் கே.

பட்டியலில் 'காரணம்' என்ற வரிதான் முக்கியம். பாட்டு வியாபாரத்தை நாலைந்து பேர் கையில் வைத்திருக்க, பாடியவனுக்குச் சில்லறை கிடைப்பது அன்றைய கிங்ஸ்டனில் சாதாரணம். நாடு விடுதலை அடைந்தும் தெருவில் இருப்பவனுக்கு எதுவும் மாறவில்லை என்பதைச் சொல்ல ஹென்ஸெலுக்கு ஒரு பழைய பெயர் தேவைப்பட்டது. மார்ட்டின் பெயரை எடுத்து, அவருக்கு இல்லாத ஒரு நியாயத்தை அதில் வைத்தார். அந்த நியாயம் மார்ட்டினுடையதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் பொய் கிடையாது. அது ஆயிரக்கணக்கான பாடகர்களின், கூலிகளின் நியாயம்.

இடையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. படத்தில் எல்லோரும் சொல்லும் 'கஞ்சா' என்ற சொல், 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களோடு ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. ஒரு சொல் கப்பலேறிப் போய் ஒரு பண்பாட்டுக்கே அடையாளமாகிவிட்டது.

தீவிலிருந்து உலகத்துக்கு

1972 ஜூனில் படம் முதலில் திரையிடப்பட்ட இடம் எது தெரியுமா? அதே கேரிப் தியேட்டர். கூட்டம் கட்டுக்கடங்காமல் உள்ளே புகுந்தது. ஒரு இருக்கையில் இரண்டு மூன்று பேர். காரணம் எளிமையானது. அதுவரை திரையில் கௌபாய்களையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள், முதல் தடவையாகத் தங்கள் தெருவை, தங்கள் முகத்தை, தங்கள் பாட்வாவைத் திரையில் பார்த்தார்கள். ஜமைக்காவில் உருவான முதல் முழுநீளக் கதைப்படம் அது.

வெளிநாட்டில் உடனே எடுபடவில்லை. லண்டனில் கரீபியர்கள் அதிகம் வாழும் பிரிக்ஸ்டனில் ஹென்ஸெல் தானே நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்த்தார். ஆங்கிலம் பேசும் நாடான அமெரிக்காவில், ஆங்கிலத்திலிருந்து பிறந்த பாட்வாவுக்கு சப்டைட்டில் போட வேண்டியிருந்தது. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் உள்ள ஆர்சன் வெல்ஸ் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் பல ஆண்டுகள் ஓடியது. 'கல்ட்' படம் என்று சொல்கிறோமே, அது இப்படித்தான் உருவாகும். பெரிய விளம்பரம் இல்லாமல், பார்த்தவர்கள் அடுத்தவரைக் கூட்டிவந்து.

படத்தைவிட வேகமாகப் போனது பாட்டு. ஜிம்மி கிளிஃப், டூட்ஸ் அண்ட் தி மேடல்ஸ், டெஸ்மண்ட் டெக்கர், மெலோடியன்ஸ் என்று ஒரே இசைத்தட்டில் ஜமைக்காவின் சிறந்த குரல்கள். பலருக்கு ரெகேயின் முதல் பாடப்புத்தகம் அதுதான். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2021-ல் அதைச் சேர்த்தது.

1979-ல் லண்டனின் பங்க் குழு 'தி க்ளாஷ்', 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' என்ற பாட்டில் இவானின் பெயரை நேரடியாகவே சொல்லியது. 1980-ல் மைக்கேல் தெல்வெல் இதே பெயரில் ஒரு நாவல் எழுதினார். பிறகு மேடை இசை நாடகமாக லண்டனிலும், 2023-ல் நியூயார்க்கிலும் இவான் வந்தான். 39 நாளை வைத்து 50 வருஷத்துக்கு மேல் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது உலகம்.

கணக்கில் வராதவர்கள்

இந்த வரிசையில் யார் இல்லை என்று ஒருமுறை பாருங்கள். அந்த வீட்டில் இறந்த பெண்ணைப் பற்றி உலகம் முணுமுணுக்கும் பாட்டு எதுவும் இல்லை. ஹன்னா டவுனில் இறந்த அதிகாரிக்கும் இல்லை. அவர்களும் அதே ஏழைத் தீவின் மக்கள்தான். மார்ட்டினின் துப்பாக்கி காலனி ஆட்சியை நோக்கித் திரும்பியதாகக் கதை சொல்கிறது. நிஜத்தில் தோட்டாக்கள் போய் நின்ற இடம் வேறு.

அப்படியானால் படம் பொய்யா? அதில் ஒரு காட்சி இதற்குப் பதில் சொல்கிறது. நகரத்துக்கு வந்த புதிதில் இவான் ஒரு தியேட்டரில் 'ஜாங்கோ' என்ற இத்தாலிய கௌபாய் படம் பார்க்கிறான். எதிரிகள் நெருங்க நெருங்க, நாயகன் அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டான் என்ற நம்பிக்கையில் தியேட்டர் கொண்டாடுகிறது. கடைசியில் லைம் கே மணலில் இவானை நிஜப் போலீஸ் சூழும்போது, அதே தியேட்டரில் சிரிக்கும் முகங்களைத் திரும்பக் காட்டுகிறார் ஹென்ஸெல். இவான் சினிமாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வெளியே வருகிறான். குண்டுகள் மட்டும் நிஜம்.

1948-ல் நிஜ மார்ட்டினுக்கு நடந்ததும் இதுவேதான். திரையில் பார்த்த ஒருவனாக மாற ஆசைப்பட்டு, கேமரா முன் போஸ் கொடுத்து, 24 வயதில் மணலில் விழுந்தார். அதற்கு 24 வருஷம் கழித்து நிஜமாகவே திரைக்கு வந்தார், அவர் பாடாத பாட்டோடும் அவருக்கு இல்லாத நியாயத்தோடும்.

படத்தைத் தேடிப் பாருங்கள், இசைத்தட்டை முழுசாகக் கேளுங்கள். இரண்டுமே அதற்குத் தகுதியானவை. ஆனால் கடைசிக் காட்சியில் அந்தச் சிரிக்கும் முகங்கள் வரும்போது, இவானை விட்டுவிட்டு ஒரு நொடி அவற்றைக் கவனியுங்கள். இருட்டில் உட்கார்ந்து கைதட்டும் அந்தக் கூட்டத்தில் நமக்கும் ஒரு சீட் இருக்கிறது.